இரண்டு புள்ளி ஏழு நொடி

ஷார்ஜாவில் ஞாயிறு விடியுமுன் மூன்று மணி.
அமெரிக்காவில் இன்னும் சனிக்கிழமை தீரவில்லை.
வெயில் சாயும் ஒரு கல்லூரி மைதானம்
என் திரையில் பச்சையாக நிற்கிறது.
ஏசிக் குளிருக்குக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு,
அந்த முட்டைப் பந்தைத் தொட்டே அறியாத நான்
அதை எறிகிறவர்களுக்கு மதிப்பெண் போடுகிறேன்.

பதினான்காம் எண். டாலிவர். குவார்ட்டர்பேக்.
இருபத்தொரு வயது, ஆறடி ஓரங்குலம்.
கை ஒன்பதே கால்.
விரித்துவைத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து
சுண்டுவிரல் நுனிவரை அளப்பார்களாம்.
கால் அங்குலம் குறைந்தாலும்
மழையில் பந்து வழுக்கும் என்று ஒரு கணக்கு.
என் கையை மேசைமேல் விரித்து நானும் அளந்தேன்.
ஏழரை.
யாரும் கேட்கவில்லை.

பந்து அவன் கைக்கு வந்ததும் கடிகாரத்தைத் தட்டுவேன்,
விரலை விட்டுப் போனதும் நிறுத்துவேன்.
அதற்குள், ஆளுக்கு நூற்றுமுப்பது கிலோ,
நாலு பேர் அவனைச் சாய்க்க வருகிறார்கள்.
முதல் வருஷம் ஒருவனை மட்டுமே பார்ப்பான்.
அந்த ஒருவனை அடைத்துவிட்டால்
கண்டக்டர் முன் சில்லறை தேடுகிறவன்போல் தவிப்பான்.
இரண்டாம் வருஷம் இரண்டாம் ஆள் தெரிந்தான்.
இந்த வருஷம்
கண்ணை இடப்பக்கம் வைத்து
வலக்கோடியில் யாருமே இல்லாத இடத்துக்கு எறிகிறான்.
ஆள் அங்கே வந்து சேர்கிறான்.

யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.
ஆறாறு நொடித் துண்டுகளில்
அந்த மூன்று வருஷத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தது
அவனைப் பெற்றவர்களுக்கு அடுத்து
நானாக இருக்கலாம்.

அறைத்தோழன் இபுராம்சா வெல்டர்.
மும்பையில் ஒரு தகரக் கொட்டகையில் அவனுக்குச் சோதனை.
அவன் பற்றவைத்த தகட்டை வளைத்துப் பார்த்தார்கள்.
விரிசல் விடவில்லை, விசா வந்தது.
"தகட்ட வளைக்கலாம். ஆள எப்படிடா வளைச்சுப் பாப்பாங்க?"
பார்க்கலாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
ஆயிரத்து எண்ணூறு திர்ஹம்.

கடைசிக் கால்பகுதி. மூன்று புள்ளி பின்னால்.
டாலிவர் பின்வாங்குகிறான். ஒன்று. இரண்டு.
ஓடியவர்கள் எல்லோரும் அடைபட்டிருக்கிறார்கள்.
தோளில் ஒரு கை விழுந்துவிட்டது.
பந்தைக் கோட்டுக்கு வெளியே,
தண்ணீர் வாளிகள்மேல் வீசிவிட்டு
அடியில் போகிறான்.
கூட்டம் சொந்தப் பையனைப் பார்த்தே ஊளையிடுகிறது.

'நெருக்கடியில் முடிவு' என்ற கட்டத்தில் ஐந்து போட்டேன்.
திரும்ப ஓட்டினேன்.
எட்டாக்கினேன்.
மாற்றியதற்குக் காரணம் கேட்டது கணினி.
விடைகள் நான்கு:
கைதவறுதல், படம் தெளிவில்லை,
விதி மாறியது, மேலாளர் சொன்னார்.
எதை வீணாக்கலாம் என்று தெரிந்திருக்கிறது அவனுக்கு
என்று ஒரு விடை இல்லை.
மேலாளர் சொன்னார் என்பதை அழுத்தினேன்.
ஷாஜிமோன் சார் பக்கத்து நாற்காலியில்
வாய்திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
எனக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர்தான்.
போன தடவை வேகம் ஏழு, துல்லியம் எட்டு,
தலைமைப் பண்புக்கு நேரே ஒரு கோடு.

டாலிவரை எந்த அணி எடுக்கும்,
எடுத்து எத்தனை வருஷம் பெஞ்சில் வைக்கும்,
என் எட்டை யாராவது படிப்பார்களா,
எதுவும் இங்கே வந்து சேராது.
ஏப்ரலில் வேறொரு பதினான்காம் எண் வரும்.

ஆறரைக்கு ரோலாவில் மூன்றாம் மாடி.
இரவு வேலை முடிந்த இபுராம்சா தெருவில் நிற்கிறான்.
"சாவியப் போடு!"
ஜன்னலைத் திறந்தேன்.
குப்பை வண்டி பின்னால் வருகிறது,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வங்காளி,
ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு பூனை.
ஒன்று. இரண்டு.
இபுராம்சா இடப்பக்கம் நகர்வான் என்று கணித்து
அவன் இல்லாத இடத்துக்கு எறிந்தேன்.

அவன் நகரவில்லை.
நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் போய்க் கிடந்தது சாவி.
நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:
"யாருக்குடா எறிஞ்ச?"